கோல்ஃபில் அதிக எம்ஓஐ உள்ள டிரைவர் வாங்கினால் ஸ்லைஸ் நின்றுவிடுமா?

நிற்காது. மட்டையை வீசும் ஸ்விங்கும் அதனால் நிலைப்படாது. டீ என்கிற சிறு முளையில் வைத்து டிரைவரால், அதாவது தூரமாக அடிக்கிற மட்டையால், அடிக்கிற பந்தெல்லாம் உடலை விட்டு வெளிப்பக்கம் வளைகிறது (அதுதான் ஸ்லைஸ்), யாரோ மட்டையை மாற்றச் சொல்லிவிட்டார், அதுதானே? எனக்கும் சொன்னார்கள்.

அடி நடுவில் படாதபோது மட்டைத் தலை திருகிக்கொள்ளாமல் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதுதான் எம்ஓஐ. எடையை ஓரங்களுக்கு ஒதுக்கினால் அது கூடும். பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-லேயே பட்டரில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையில், செய்த வேலை இது. இன்று டிரைவர் தலையின் கன அளவுக்கு 460 கன செ.மீ., எம்ஓஐக்கு 5900 கிராம்-ச.செ.மீ. என்று விதியே வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்பை ஒட்டி வருகிற தலையில் ஓரத்தில் பட்ட பந்தும் அவ்வளவாகத் தூரம் இழக்காது. ஆனால் ஃபேஸ், அதாவது பந்தில் படும் முகப்பு, வெளிப்பக்கம் பார்த்துத் திறந்தபடி வந்தால் எந்தத் தலையும் அதை மூடித் தராது. இன்னும் சொன்னால், பெரிய தலையைத் திருப்பி மூடுவது சிலருக்குக் கூடுதல் சிரமம்.

நான் செய்தது வேறு. ஃபேஸில் பவுடர் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் பந்துகளை அடித்தேன். தடமெல்லாம் ஹீல் பக்கம், அதாவது தலையில் தண்டு வந்து சேரும் பக்கம். ஹீலில் பட்டால் தலை ஒரு பக்கம் திருகும், பந்து எதிர்ப்பக்கம் சுழலும். கியர் எஃபெக்ட் என்பார்கள். பாதி வளைவு அங்கிருந்துதான் வந்தது. ஷாஃப்டை, அதாவது அந்தத் தண்டை, ஓர் அங்குலம் குறைத்தேன், வீசும்போது தலை லேசாகத் தெரிந்ததால் கொஞ்சம் ஈய டேப் ஒட்டினேன். தடம் நடுவுக்கு வந்தது. மீதி வளைவுக்கு, தலையில் இருக்கிற நகர்த்தக்கூடிய எடையை ஹீல் பக்கம் தள்ளினேன். ஈர்ப்பு மையம் அந்தப் பக்கம் போனால் நடுவில் பட்ட பந்தும் உள்பக்கம் சுழலப் பார்க்கும். இயற்பியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், சுருக்கித்தான் சொல்கிறேன். புது மட்டையே வீண் என்றும் சொல்லவில்லை. தடம் ஃபேஸ் முழுக்கச் சிதறிக் கிடந்தால் எம்ஓஐ நிச்சயம் உதவும், தாராளமாக வாங்குங்கள்.

மேலே வலது, இடது என்று எங்கும் எழுதவில்லை, கவனித்தீர்களா? நான் இடக்கைக்காரன். என் ஸ்லைஸ் இடப்பக்கம் போகும். எந்தக் காணொளியைத் திறந்தாலும் "பந்து வலப்பக்கம் போனால்" என்றே ஆரம்பிக்கிறார்கள், நான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கடையில் சோதித்துப் பார்க்க இடக்கை மட்டை கேட்டேன். "வலக்கையில் அடித்துப் பாருங்க சார், ஃபீல் ஒண்ணுதான்" என்றார் விற்பனையாளர். அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டுக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

உங்கள் தடம் எந்தப் பக்கம் விழுகிறது என்று கீழே எழுதுங்கள்.