ஏற்காட்டுக் குளிரில் சிலிண்டர் ஏன் மந்தமாகிறது?

கேள்வி: மார்கழியில், சிலிண்டர் தீரும் தறுவாயில் அடுப்பு சிறுத்தே எரிகிறது. சேலத்தில் அக்கா வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. கார்பன் சங்கிலியின் நீளம்தான் காரணம் என்கிறான் பிளஸ் டூ படிக்கும் மகன். சரியா?
– வாசகி, ஏற்காடு

பதில்: சரிதான். ஆல்கேன்களில் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே ஒற்றைப் பிணைப்பால் இணைந்த சேர்மங்கள்) கார்பன் கூடக் கூட மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு கூடும்; கொதிநிலையும் ஏறும். 1 கார்பன் உள்ள மீத்தேன் மைனஸ் 162 டிகிரியில் கொதிக்கும். 3 கார்பன் புரொப்பேன் மைனஸ் 42இல், 4 கார்பன் பியூட்டேன் மைனஸ் 0.5இல். 5 கார்பன் பென்ட்டேனுக்கு 36 டிகிரி. ஏற்காட்டில் அது திரவம்தான். கார்பன் எண்ணிக்கை 20ஐத் தாண்டினால் மெழுகு. கிளையில்லாத சங்கிலிக்கே இந்தக் கணக்கு. கிளைவிட்ட ஐசோபியூட்டேன் மைனஸ் 12இலேயே கொதித்துவிடும்.

சமையல் எரிவாயு முக்கியமாகப் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிவிடுவதால் கடைசியில் மிஞ்சுவதில் பியூட்டேனே அதிகம். 10 டிகிரி குளிரில் அதன் ஆவி அழுத்தம், அதாவது ஆவி வெளியே தள்ளும் விசை, சுமார் ஒன்றரை பார்தான் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). புரொப்பேனுக்கோ ஆறு பாருக்கு மேல். போதாக்குறைக்கு, ஆவியாகும்போது திரவம் மேலும் குளிரும். இரண்டு பர்னரும் முழுவீச்சில் எரியும்போது சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் நீர் முத்துகள் அரும்புவதைப் பாருங்கள். அவை நிற்கும் உயரம்தான் திரவத்தின் மட்டம்.

ஒரு பர்னரை அணைத்துச் சற்று நேரம் விட்டால் அழுத்தம் மீளும். சிலிண்டர் மீது வெந்நீர் ஊற்றவே கூடாது. படுக்கவைப்பது அதைவிட ஆபத்து: திரவமே ரெகுலேட்டருக்குள் பாய்ந்து சுடர் திடீரென்று எகிறும்.