வாசகர் கேள்வி: வங்கி வேலையை விட்டுவிட்டுக் கலை வரலாறு படிக்கலாமா?

கேள்வி: பி.காம். முடித்து எட்டு வருடமாகத் தனியார் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். வயது 31. சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி முறையாக எம்.ஏ. படித்து ஆய்வுக்குப் போக ஆசை. கலைப் பாடம் எதையும் தொடாத என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? வேலையை எப்போது விடலாம்?
- வாசகி, சென்னை

பதில்: சேர்த்துக்கொள்வார்கள். தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை, அழகியல் துறையில் எம்.ஏ. படிக்க எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவரும் விண்ணப்பிக்கலாம், நுழைவு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைப் பிரிவு வழியாக. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்திலும் சாந்திநிகேதன் கலா பவனத்திலும் கலை வரலாறு முதுநிலை உண்டு. தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் நோக்க அறிக்கை, எழுத்து மாதிரி, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் மூன்றும் கேட்பார்கள். ‘சின்ன வயதிலிருந்தே கோயில் என்றால் உயிர்’ என்று தொடங்கும் அறிக்கைகள் கட்டுக் கட்டாக வரும். வங்கி அனுபவத்தை ஒளித்து வைப்பது அதைவிடப் பெரிய தப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். திருமேனியின் உயரத்தை ‘பாதாதி கேசாந்தம்’, அதாவது பாதம் முதல் முடிவரை, முழமும் விரலுமாகக் குறித்திருப்பார்கள். நகைகளின் பொன்னை ‘ஆடவல்லான்’ என்ற பெயருள்ள எடைக்கல்லால் எடைபோட்ட கணக்கு இருக்கும். ஊர்ச் சபைகளுக்குக் கோயில் கொடுத்த கடனுக்கு ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 12.5 சதவீதம். கடன் பத்திரம் படித்துப் பழகிய கண்ணுக்கு இது வீட்டு வாசல் மாதிரி.

இன்னொரு வாசலும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் வாங்கியது. சிலை வெகுகாலம் முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காகிதங்கள் சொல்லின. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத்தில் அதே சிலை 1990-களில் கோயிலுக்குள் இருந்தது. 2014-ல் திரும்பி வந்தது. ரசீதை நம்பாமல் சரிபார்ப்பது உங்கள் அன்றாட வேலைதானே? எழுத்து மாதிரிக்கு இந்தத் திசையில் ஒரு கேள்வியை எடுங்கள்.

பார்வைப் பயிற்சிக்கு எழும்பூர் அருங்காட்சியகம் போதும். ஒரே திருமேனி முன் ஒரு மணி நேரம் நின்று 800 சொல் எழுதுங்கள். பக்தி, புராணம் எதுவும் வேண்டாம். பீடத்தில் உலாவுக்குக் கம்பு நுழைக்கும் வளையம் இருக்கிறதா, பூணூல் எங்கே முடிகிறது, முதுகில் சடை எப்படி விழுகிறது, அபிஷேகத்தில் முகம் தேய்ந்திருக்கிறதா அல்லது மண்ணுக்குள் கிடந்து பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று மட்டும். பின்பக்கத்தைப் பார்க்காமல் எழுதுவதுதான் பெரும்பாலோர் விடும் பிழை.

பரிந்துரைக் கடிதம்தான் உங்களுக்குச் சிக்கல். கிளை மேலாளர் எழுதித் தருவது பெரும்பாலும் எடுபடாது. வேலையில் இருந்தபடியே கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கும் குறுகிய படிப்பு ஒன்றில் சேருங்கள். கட்டுரையைத் திருத்திய ஆசிரியரிடமே கேளுங்கள்.

அடுத்து வயது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை இப்போது மாதம் 37,000 ரூபாய். பொதுப்பிரிவு ஆண்களுக்கு 30 வயது வரம்பு. பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. அடுத்த ஆண்டு எம்.ஏ. சேர்ந்தால் முடிக்கும்போது உங்களுக்கு 34 ஆகியிருக்கும். அதனால் இறுதியாண்டிலேயே ‘காட்சிக்கலை’ பாடத்தில் எழுதிவிடுங்கள், தள்ளிப் போட இடமில்லை. பிரிட்டனுக்கு என்றால் அந்நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகை 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறது. வங்கி வேலை அங்கே கணக்கில் சேரும். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா வேண்டாம். மூன்று ஆண்டுச் செலவு தனியாக இருக்கட்டும்: எம்.ஏ.வுக்கு இரண்டு, நெட்டுக்கும் ஆய்வு இடத்துக்கும் ஒன்று. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்க நேரலாம், ஆகவே சம்பளம் வரும்போதே தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சமஸ்கிருதம் கட்டாயமா?

பதில்: எம்.ஏ. நுழைவுக்குத் தேவையில்லை. சோழர் கலையில் முனைவர் பட்டம் என்றால் தேவைப்படும். அதற்கு முன் கல்வெட்டுத் தமிழ் படியுங்கள்: புள்ளி பெரும்பாலும் இராது, எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். கூடவே தமிழகத்தில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தையும் பழகிக்கொள்ளுங்கள்.