சைலன்சர் சுட்ட தழும்பு

கேள்வி: ராணிப்பேட்டையில் மாத்திரை ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். தனித்தனியே நல்லவையாக இருக்கும் இரண்டு மருந்துகள், ஒரே மாத்திரையில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடுகின்றன. கூட்டு மருந்து தயாரிப்பதில் பெரிய தலைவலியே இதுதான். காதலும் உண்மையும் இப்படித்தானோ? எனக்குத் தொழுநோய் இருந்தது. ஓராண்டு மருந்து சாப்பிட்டுக் குணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் விரும்பும் பெண்ணுக்கு இது தெரியாது. தை மாதம் நிச்சயதார்த்தம். தாலி கட்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். சொல்லத்தான் வேண்டுமா?

– பெயர் வேண்டாம், வாலாஜாபேட்டை

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அதில் மூன்றரைப் பக்கம் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் என்ற மருந்துகளுக்கே போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு மிஞ்சியது அரைப் பக்கம். எனக்கு எழுதும்போதே விஷயத்தைச் சுற்றி இவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்றால், அவரிடம் எப்படிப் பேசியிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது.

முதலில் உங்கள் உவமையைப் பார்த்துவிடுவோம். காசநோய்க்கான கூட்டு மாத்திரை ஒன்றில் ரிஃபாம்பிசின் 150, ஐசோனியாசிட் 75, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம் என நான்கும் இருக்கின்றன. வயிற்று அமிலத்தில் ரிஃபாம்பிசின் சிதைகிறது. சிதைந்து வருவதை ஐசோனியாசிட் பற்றிக்கொள்கிறது. இரண்டிலும் ஒரு பங்கு உடம்புக்குச் சேராமல் வீணாகிறது. போதாக்குறைக்கு எத்தாம்பியூட்டால் காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். இரண்டு தூள்களைக் குப்பியில் கலந்து, 40 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பெட்டியில் ஆறு மாதம் வைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். (நாற்பது டிகிரிக்குப் பெட்டி எதற்கு? அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மொட்டைமாடி போதுமே.) எல்லாம் சரிதான். ஆனால் இந்தச் சண்டைக்கு உங்கள் துறை கண்ட வழி என்ன? ஒன்றுக்குப் பூச்சுக் கொடுத்து, வயிற்றைத் தாண்டிக் குடலில் கரையும்படி செய்வது. அல்லது இரண்டையும் தனித்தனி அடுக்காக அழுத்துவது. உள்ளே ஒரு மருந்தை வைத்துவிட்டு அட்டையில் அதன் பெயரை விட்டுவிடலாம் என்று யாரும் சொல்வதில்லை. நான்கின் பெயரும் அளவும் வெளியே அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். பூச்சு கரையும் இடத்தைத்தான் தள்ளிப்போடுகிறது. பெயரை மறைப்பதில்லை. ஆகவே உங்கள் உவமை உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

'தொழுநோய்க்கு எனக்குக் கொடுத்த மூன்று மருந்துகளையும் ஏன் ஒரே மாத்திரையாக்கவில்லை?' என்றும் கடிதத்தின் நடுவே கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ரிஃபாம்பிசின் மாதத்துக்கு ஒரு முறை, சுகாதாரப் பணியாளர் கண் எதிரே விழுங்குவது. டாப்சோன் அன்றாடம். குளோஃபாசிமின் அன்றாடம் கொஞ்சம், மாதத்தில் ஒரு நாள் அதிகம். அதிலும் அது எண்ணெயில் கலந்து மென்மையான கேப்சூலில் அடைத்த மருந்து. மாதம் ஒரு முறை தர வேண்டியதையும் தினமும் தர வேண்டியதையும் எப்படி ஒன்றாக அழுத்துவது? இன்னொன்றும் உண்டு. சிலருக்கு டாப்சோன் ஒத்துக்கொள்ளாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மூன்றும் தனித்தனியாக ஒரே அட்டையில் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தலாம். ஒரே மாத்திரையாக இருந்தால் எந்த மருந்து தொல்லை கொடுத்தது என்று கண்டுபிடிப்பதே பாடு. நிறுத்தினால் எல்லாமே நின்றுவிடும். கூட்டு மருந்தின் மெய்யான சங்கடம் இதுதான். இதை யோசிக்காமல் வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று கண்டதையும் சேர்த்து விற்றதால்தான் 2016-இல் 344 கலவைகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. வழக்குகள் முடிந்து 2018-இல் மீண்டும் 328 கலவைகள் தடையாயின.

சரி, அந்த அரைப் பக்கத்துக்கு வருவோம்.

அறிமுகமான புதிதில் அந்தப் பெண், 'முகம் ஏன் இவ்வளவு கறுத்துவிட்டது?' என்று கேட்டிருக்கிறார். குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும் என்று தெரிந்தும், 'வேலூர் வெயில்' என்றீர்கள். இந்த ஊரில் அதை யார் சந்தேகிப்பார்கள்? பிறகு ஒரு மாலை, கோட்டை அகழியை ஒட்டிய புல்வெளி. உங்கள் கெண்டைக்காலில் வெளிறிக் கிடந்த தழும்பைப் பார்த்து என்ன என்று கேட்டார். 'பைக் சைலன்சர் சுட்டுவிட்டது.' அவர் அதன் மேல் விரலை வைத்து அழுத்தி, 'வலிக்கிறதா?' என்றார். 'இல்லை' என்றீர்கள். அன்று நீங்கள் சொன்னதில் அந்த ஒரு சொல் மட்டும்தான் உண்மை. அவர் விரல் பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. உணர்ச்சி செத்த அந்த இடம்தான் நோயின் அடையாளம். கண்ணால் பார்த்ததால்தானே தொட்டார் என்று தெரிந்துகொண்டீர்கள்? இதைப் படித்தபோது கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

உங்களை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லப்போவதில்லை. என் சிறுவயதில், காட்பாடியிலிருந்து போகும் பஸ்ஸில் தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரிக்கு, 'கரிகிரி ஒன்று' என்று டிக்கெட் கேட்பவர்களின் குரல் தானாகத் தாழும். பக்கத்து இருக்கைக்காரர் மெல்ல நகர்ந்து உட்காருவார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை 1940-களின் இறுதியிலேயே டாக்டர் பால் பிராண்ட் செய்துகாட்டியது இந்த வேலூரில்தான். அந்த ஊர்க்காரரே தழும்புக்குச் சைலன்சரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. பயம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது.

ஆனால் உங்கள் நண்பரின் யோசனை படுமோசம். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டுவதை 2019-இல் நாடாளுமன்றம் சட்டத்திலிருந்தே நீக்கிவிட்டது. நோயை மன்னித்தது என்று சொல்லமாட்டேன், அதில் மன்னிக்க ஒன்றும் இல்லை. அதே இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது: முக்கியமான ஒரு விஷயத்தில் ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வக்கீல் பாடு. எனக்கு அதைவிடச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. தாலிக்கு முன் சொன்னால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். தாலிக்குப் பின் சொன்னால் அது சாத்தியிருக்கும். நண்பர் 'பிறகு' என்று சொல்வதே அந்த வாசல் சாத்தட்டும் என்றுதான்.

ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லுங்கள். அவரிடம் மட்டும். மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஊருக்கும் உங்கள் உடம்பைப் பற்றிக் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் யாருக்கோ கடிதம் கொடுத்த கதைகளையும் இதோடு சேர்த்து அவிழ்க்காதீர்கள், அது வேறு. கையோடு சிகிச்சை அட்டையை எடுத்துப் போங்கள். இது பரம்பரை நோய் அன்று, சிகிச்சை முடித்தவரிடமிருந்து தொற்றாது, குழந்தைகளுக்கு வருமோ என்ற பயம் வேண்டாம் – இவற்றை நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் சொன்னால் நம்புவார். ஒரு நாள் விடுப்புப் போட்டு அவரையும் அழைத்துக்கொண்டு போய்க் கேட்கவிடுங்கள். யோசிக்க நாள் கேட்டால் கொடுங்கள். தினமும் போன் செய்து 'என்ன முடிவு?' என்று துளைக்காதீர்கள்.

அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்காது என்று நினைக்கிறேன். 'அன்றைக்குச் சைலன்சர் என்று ஏன் சொன்னாய்?' என்றுதான் கேட்பார். அதற்கான பதிலை என்னிடம் கேட்டு இன்னொரு கடிதம் போட்டுவிடாதீர்கள். பிரசுரிக்க மாட்டேன்.