மூச்சு வந்துவிட்டது, கெண்டைச்சதை வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 41. வங்கியில் வேலை. இதுவரை இரண்டு ஃபுல் மாரத்தான் முடித்திருக்கிறேன். அதில் நல்ல நேரம் 4 மணி 22 நிமிடம். ஜனவரியில் வரும் சென்னை மாரத்தானில் 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று செப்டம்பரில் 16 வாரப் பயிற்சியைத் தொடங்கினேன். அக்டோபர் நடுவில் வேகப் பயிற்சியின்போது இடது கெண்டைக்காலில் சுரீர் என்றது. சோலியஸ் தசையில் சின்னக் கிழிவு என்றார் பிசியோ. ஐந்து வாரம் ஓடவில்லை, சைக்கிள் மட்டும் மிதித்தேன். மறுபடி ஓட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. போன ஞாயிறு 16 கிலோமீட்டர் வலியில்லாமல் போனேன், மூச்சுகூட வாங்கவில்லை. திங்கள் காலை படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் இறுக்கம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. விட்டுப்போனதைப் பிடித்துவிட முடியுமா? “இந்த வருஷம் விட்டுடேன்” என்கிறார் கணவர். “அன்னைக்குக் கூட்டத்துல தானா ஓடிடும் அக்கா” என்கிறார்கள் எங்கள் ஓட்டக் குழுவில். யார் பேச்சைக் கேட்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பேர் பேச்சும் இருக்கட்டும். திங்கள் காலை படியில் உங்கள் கால் ஒன்று சொல்லியிருக்கிறதே, அதை முதலில் கேளுங்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ‘மட்டும்’, ‘கொஞ்சம்’ என்று இரண்டு சொல்லைப் போட்டு நீங்களே அதை அமுக்கிவிட்டீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஜனவரியில் ஓடலாம். ஆனால் 4 மணி நேரம் என்ற பேச்சை இன்றோடு விட்டுவிட வேண்டும். விட முடியாது என்றால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

ஏன் என்று சொல்கிறேன். ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. சில நாட்களிலேயே குறையும், திரும்ப ஓட ஆரம்பித்தால் அதே வேகத்தில் ஏறியும்விடும். நல்ல பயிற்சியில் இருப்பவர் அடியோடு நிறுத்தினால்கூட முதல் மூன்று வாரத்தில் ஆக்சிஜனை உள்வாங்கும் திறன் சுமார் 7 சதவீதம்தான் குறைகிறது. நீங்களோ சைக்கிள் மிதித்திருக்கிறீர்கள், அதனால் இழப்பு இன்னும் குறைவாகவே இருக்கும். 16 கிலோமீட்டரில் மூச்சு வாங்காததில் அதிசயம் ஒன்றுமில்லை.

சதையின் கணக்கு வேறு. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து மிதிக்கும்போது உடம்பின் பாரத்தைச் சீட் வாங்கிக்கொள்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் சோலியஸ் தசை உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. கெண்டைக்காலில் மேலே பந்து மாதிரி திரண்டு தெரிகிறதே, அதற்கு அடியில் தட்டையாகப் படுத்திருப்பதுதான் சோலியஸ். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நெடுந்தூர ஓட்டத்தில் பாதி வேலை அதன் தலையில்தான். ஒரு ஃபுல் மாரத்தானுக்கு நாற்பதாயிரம் அடிக்கு மேல் வைக்க வேண்டும். அதில் சரிபாதி இடது கால். ஐந்து வாரம் சும்மா இருந்த சதை இரண்டே வாரத்தில் அந்தக் கணக்குக்குத் தயாராகிவிடாது. மூச்சு ‘போ போ’ என்று தள்ளும், கால் பின்னாலேயே இழுபடும். திரும்பி வருகிறவர்களுக்கு மறுபடி அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். இரண்டு வாரத்தில் 16 போனதே கொஞ்சம் அவசரம். சரி, போனது போகட்டும்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு மாடிப்படியின் முதல் படியில், கைப்பிடிக் கம்பியை லேசாகப் பிடித்துக்கொண்டு, முன்பாதம் மட்டும் படியில் இருக்கும்படி நில்லுங்கள். குதிகால் காற்றில் இருக்கட்டும். முதலில் வலது காலில் மட்டும் நின்று, முட்டியை லேசாக மடக்கியபடி, குதிகாலை முழுக்க உயர்த்தி மெதுவாகப் படிக்குக் கீழே வரை இறக்குங்கள். எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் இடது கால். வலது 25, இடது 16 என்று வந்தால் அந்த ஒன்பதுதான் உங்கள் பிரச்சினை. எண்ணும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: பத்துக்கு மேல் இடது குதிகால் உயரம் குறைந்துகொண்டே வரும், கை தன்னையறியாமல் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். அதெல்லாம் கணக்கில் சேராது. மூச்சைப் பார்த்து வாரத் தூரத்தைக் கூட்டாதீர்கள், இந்த எண்ணைப் பார்த்துக் கூட்டுங்கள். வாரத்தில் மூன்று நாள் இதையே பயிற்சியாகவும் செய்யுங்கள். ஜனவரிக்குள் இரண்டு காலும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும்.

‘விட்டுப்போனதைப் பிடித்துவிட முடியுமா’ என்று கேட்டீர்கள். முடியாது. ஐந்து வாரப் பயிற்சியை மீதி ஐந்து வாரத்தில் திணிப்பது, மூன்று நாள் சாப்பிடாததை ஒரே பந்தியில் சாப்பிடுவது மாதிரி. போனது போனதுதான். பழைய அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கிழித்துவிட்டு, வாரத்துக்கு நான்கே நாள் ஓடுங்கள். மற்ற நாட்களில் சைக்கிள், நீச்சல் தெரிந்தால் நீச்சல். வேகப் பயிற்சி வேண்டாம், மேம்பாலம் ஏறி இறங்குவதும் வேண்டாம். ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம் மட்டும் 20, 24, 28 கிலோமீட்டர் என்று ஏறட்டும். அதற்கடுத்த ஞாயிறு 14. அதற்கடுத்தது மாரத்தான். 28-க்குப் போகிற நாளில் தூரம் முடியாவிட்டாலும் மூன்றேகால் மணி நேரம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு திங்களும் அதே படியில் இறங்கிப் பாருங்கள். இறுக்கம் மத்தியானத்துக்குள் போய்விட்டால் அடுத்த வாரம் கூட்டலாம். செவ்வாய் காலையும் இருந்தால் கூட்டக் கூடாது, அதே தூரம்தான்.

28-ல் கால் முரண்டு பிடித்தால்? சென்னை மாரத்தானில் ஃபுல்லுக்கும் ஹாஃபுக்கும் நடுவே 20 மைல், அதாவது 32.186 கிலோமீட்டர் என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். உங்கள் நிலையில் இருப்பவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. உடம்பில் சேமித்த சர்க்கரை தீர்ந்து கால் கல்லாகிப் போகிற கட்டம், ஓட்டக்காரர்கள் ‘வால்’ என்று பயப்படுவது, பெரும்பாலும் 30-க்கு மேல்தான் வரும். பிரிவை மாற்ற விடுவார்களா, எந்தத் தேதி வரை என்று நாளைக்கே ஒரு மெயில் போட்டு வையுங்கள். ஹாஃபுக்கு இறங்குவதும் கௌரவக் குறைச்சல் இல்லை. குழுவில் யாராவது ‘ஹாஃப்தானா’ என்று இழுத்தால் வாட்ஸ்அப்பை மியூட் செய்துவிடுங்கள்.

உங்கள் குழுவினர் அடுத்து என்ன உதாரணம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஜோன் பெனாய்ட். 1984 ஏப்ரல் 25-ம் தேதி முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 17 நாள் கழித்து மே 12-ம் தேதி அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தானில் முதலாவதாக வந்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில், 2:24:52 நேரத்தில் தங்கம். கேட்கும்போதே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும். ஆனால் அவர் அதற்கு முந்தைய வருடமே பாஸ்டனில் 2:22:43 ஓடி உலகிலேயே வேகமான மாரத்தான் பெண்ணாக இருந்தவர். கால் ஆறும் வரை உடற்பயிற்சி சைக்கிளைக் கையால் சுற்றியாவது மூச்சைக் காப்பாற்றியவர். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: வலது முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு அவசரமாக ஓடியதில் இடது தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டது. ஒரு காலுக்குப் பரிந்தால் மறுகால் மாட்டிக்கொள்ளும். அதனால் அடுத்த ஐந்து வாரமும் உங்கள் வலது கால் மேலேயும் ஒரு கண் இருக்கட்டும்.

எனக்கு உங்கள் விஷயத்தில் ஞாபகம் வருவது பவுலா ராட்கிளிஃப். அப்போதைய உலக சாதனையாளர். 2008-ல் தொடை எலும்பில் விரிசல் விட்டு, பயிற்சி பாதியில் நின்று, அரைகுறைத் தயாரிப்போடு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓடினார். நடுவழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, நின்று, நீட்டி இழுத்துவிட்டு, மறுபடி ஓடி, 23-வதாக 2:32:38-ல் வந்து சேர்ந்தார். அவர் சாதனையோ 2:15:25. உலகத்திலேயே வேகமான காலுக்கே ஒரு நொறுங்கிய சீசன் 17 நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டது என்றால், நம் காலுக்கு அரை மணி நேரம் போவது நியாயம்தானே. அன்றைக்கு அவர் அடம்பிடிக்காமல் முடித்ததால் கால் தப்பித்தது என்று நினைக்கிறேன். 11 வாரம் கழித்து நியூயார்க் மாரத்தானில் முதலாவதாக வந்தார்.

அதனால் ஜனவரிக்கு 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இந்த ஓட்ட-நடை முறையைப் பரப்பிய ஜெஃப் காலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர், சோம்பேறிகளுக்கான ஏற்பாடு என்று யாரும் சொல்ல முடியாது. ஓடுகிற ஐந்து நிமிடம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 நொடி வேகத்தில், நடக்கிற ஒரு நிமிடம் கை வீசிய நடையில் போனால், சராசரி 7:06 வரும். 42.195 கிலோமீட்டரும் 5 மணி நேரத்தில் முடியும். ஒரே நிபந்தனை: முதல் ஐந்தாவது நிமிடத்திலேயே நடக்க வேண்டும். கிளம்புகிற நேப்பியர் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லோரும் முந்திப்போவார்கள், பார்க்க வெட்கமாக இருக்கும். களைத்த பிறகு நடப்பது ஓய்வாகாது. அந்த நேரத்தில் சதை ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். ஞாயிறு லாங் ரன்களையும் இதே முறையில் ஓடிப் பழகுங்கள். போட்டியின் கட்-ஆஃப் நேரத்தையும், அதாவது எத்தனை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் உண்டு. ஃபுல் மாரத்தான் நேப்பியர் பாலத்தில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால், ஆறரை மணி வாக்கில் சூரியன் வரும்போது நீங்கள் சரியாகப் பாதி தூரத்தில் இருப்பீர்கள். 4 மணி நேரத்தில் முடிப்பவரைவிட ஒரு மணி நேரம் கூடுதல் வெயில், அதுவும் சென்னையின் பிசுபிசுப்போடு. தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் போல இருக்கும், ஓட்டக்காரர்கள் உறிஞ்சும் எனர்ஜி ஜெல் பாக்கெட் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பேரீச்சம்பழம் ஒத்துக்கொண்டால் அதுவும் சரி. எதுவானாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அந்த ஆபத்து வேகமாக ஓடுபவர்களைவிட நான்கு ஐந்து மணி நேரம் ஓடுபவர்களுக்கே அதிகம்.

வலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். பல வருடம் முன்பு முட்டியின் வெளிப்பக்கம் வலியோடு ஒரு மாரத்தானுக்குப் போனேன். கிளம்பும் முன் ஒரு மாத்திரை, பாதியில் இன்னொன்று. 28-வது கிலோமீட்டர் வரை சொர்க்கம். 33-ல் மாத்திரையின் வேகம் இறங்கியதும் கால் மடங்கவே மறுத்தது. நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன், ஒரு பெரியவர் கேட்காமலே டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு நான் ஓட ஒன்பது மாதம் ஆயிற்று. நிறுத்து என்று சொல்ல வந்த வலியை நானே வாசலில் நிறுத்திவைத்ததுதான் தப்பு. உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

அன்றைக்கு எப்போது நிற்பது என்பதை இன்றே எழுதி வைத்துவிடுங்கள், 30-வது கிலோமீட்டரில் புத்தி வேலை செய்யாது. இரண்டு காலும் ஒரே மாதிரி கனத்தால் போகலாம். இடது காலில் விரலை வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அது கூடினால், நடை ஒருபக்கம் சாய்ந்தால், அங்கேயே பிப்பை, அதான் நெஞ்சில் குத்திய எண் அட்டையை, கழற்றிவிடுங்கள். வரும் வாரங்களில் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் பிசியோவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், ரத்தக்கட்டா என்று பார்க்க வேண்டும். வலி சதையை விட்டு முன்பக்க எலும்புக்கு மாறி, ராத்திரியிலும் வலித்தால் இந்தப் பதில் முழுவதையும் மறந்துவிட்டு மாரத்தானை ரத்து செய்யுங்கள். எலும்போடு பேரம் பேச முடியாது.

கணவருக்கு ஒரு வேலை கொடுங்கள். 30-வது கிலோமீட்டர் பக்கம் ஸ்கூட்டரோடு நிற்கச் சொல்லுங்கள், கையில் ஒரு துண்டும் உங்கள் ரப்பர் செருப்பும் இருக்கட்டும். ‘இன்னும் பன்னிரண்டுதான்’ என்று உற்சாகப்படுத்த வேண்டாம், நீங்கள் வருகிற நடையை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லி வையுங்கள். இடது பக்கம் சாய்ந்து வருகிறீர்கள் என்று அவர் சொன்னால் பதில் பேசாமல் ஸ்கூட்டரில் ஏறிவிடுங்கள்.