பதில்: டெஸ்ட் டிரைவ் காரில் அடாப்டிவ் சஸ்பென்ஷன், நான் வாங்கப்போவதில் இல்லை

நீங்கள் பார்த்திருக்கும் பிஎம்டபிள்யூ 340ஐ-யில் சாதாரண சஸ்பென்ஷன், 18 இன்ச் வீல். டீலர் ஓட்டத் தருவதில் அடாப்டிவ் (விறைப்பை மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன்), 19 இன்ச். அதை மட்டும் ஓட்டிவிட்டு முடிவெடுக்காதீர்கள். சேசிஸ் எண்ணின் கடைசி 7 எழுத்துகளைக் கொடுத்தால் சர்வீஸ் பிரிவில் அந்த காரின் முழு ஆப்ஷன் பட்டியலையும் எடுத்துத் தருவார்கள். நீங்கள் வாங்கப்போவதைப் போலவே சாதாரண சஸ்பென்ஷனும் 18 இன்ச் வீலும் உள்ள வேறொரு கார் கேளுங்கள்.

கிளம்புமுன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தத்தை டிரைவர் கதவுத் தூணிலுள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். ஷோரூம் கார்களில் காற்று கூடுதலாக இருப்பது சகஜம். 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடினாலே குலுக்கல் கூடும், பழி சஸ்பென்ஷன் மேல் விழும். ரன்ஃபிளாட் டயரா (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) என்றும் பாருங்கள். அதன் பக்கச்சுவர் விறைப்பு. சிறு குழியில் வரும் 'டக்' அடி பெரும்பாலும் அதனால்தான், அடாப்டிவ் போட்டாலும் முழுதாகப் போகாது.

அடாப்டிவ் காரில் ஒரே மோசமான சாலையை ஒரே வேகத்தில் கம்ஃபர்ட் மோடில் ஒருமுறை, ஸ்போர்ட் மோடில் ஒருமுறை ஓட்டுங்கள். ஸ்போர்ட்டுக்கு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைக்கும் ஸ்போர்ட் இன்டிவிஜுவலில் டேம்பரை (சஸ்பென்ஷனின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) மட்டும் ஸ்போர்ட்டுக்கு மாற்றி, இன்ஜினையும் ஸ்டீயரிங்கையும் கம்ஃபர்ட்டிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரின் துடிப்பைச் சஸ்பென்ஷனின் திறமை என்று நினைத்துவிடுவீர்கள். என்னைக் கேட்டால், சாலை மோசமென்றால் 18 இன்ச் வீலைக் கைவிடவே கைவிடாதீர்கள்.