சித்திரை வெயிலில் ஸ்பிட்ஃபயர்: போர் விமான மாடல் கேள்வி பதில்

மதுரை வட்டாரத்தில் பிளாஸ்டிக் கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டி) ஒட்டுகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். கிட்டோடு வரும் குறிப்புத்தாள் நம்ம ஊர் வெக்கையை நினைத்து எழுதியதல்ல. கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கேள்வி (அண்ணாநகர்): அண்ணே, டமியா கம்பெனி அக்ரிலிக் பெயின்டை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் கருவி) அடித்தால் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடுகிறது. பெயின்ட் கெட்டுப்போச்சா?

பதில்: பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. துளி பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, பொடியாகப் போய் ஒட்டுகிறது. ஒரு பங்கு பெயின்டுக்கு ஒரு பங்கு தின்னர் என்பது வழக்கமான கணக்கு. சித்திரை, வைகாசியில் 2 பங்கு பெயின்டுக்கு 3 பங்கு தின்னர் ஊற்றுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஓரிரு சொட்டு சேர்த்தால் இன்னும் நல்லது. காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ வரை இறக்கி, முனையை 5 செ.மீ. கிட்டத்தில் பிடியுங்கள். அடித்த இடம் ஒரு நொடி ஈரமாகப் பளபளத்து, அப்புறம் மங்க வேண்டும். அந்தப் பளபளப்பே வரவில்லையென்றால் இன்னும் தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஊசி நுனியிலும் பெயின்ட் உறையும். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தின்னர் நனைத்த பட்ஸால் துடைத்துக்கொண்டே அடியுங்கள். காலை 6 முதல் 8 மணிக்குள் அடித்து முடிப்பது உத்தமம். சொரசொரத்த இறக்கையை ஒரு நாள் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: டமியா தின்னரில் ஆல்கஹால் உண்டு. அதை வலேஹோ என்ற வேறு கம்பெனி பெயின்டில் ஊற்றினால் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகி ஏர்பிரஷையே அடைத்துவிடும். வலேஹோவுக்கு அதற்குரிய தின்னர்தான்.

கேள்வி (திருமங்கலம், கல்லூரி மாணவர்): ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் வாங்க வசதி இல்லை. பிரஷ்ஷை வைத்தே ஒழுங்காக அடிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஆனால் பிரஷ்ஷுக்கு டமியா அக்ரிலிக் வேண்டாம். இரண்டாவது கோட் முதல் கோட்டைக் கரைத்து இழுத்துவிடும். வலேஹோ மாதிரி நீரில் கரைவது வாங்குங்கள். 6 முதல் 8 மி.மீ. அகலமுள்ள சிந்தெடிக் பட்டை பிரஷ் போதும். பால் பதத்துக்குக் கரைத்து மூன்று நான்கு கோட். முதல் கோட் திட்டுத் திட்டாகத்தான் தெரியும், பதறி அதன் மேலேயே திரும்பத் தேய்க்காதீர்கள். அரை மணி நேரம் விட்டு அடுத்த கோட்டை முந்தையதற்குக் குறுக்காக இழுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இழுக்க இழுக்கவே காய்ந்து கோடு விழும்.

கேள்வி (திருநகர்): டீக்கால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) ஒட்டினால் அதன் அடியில் வெள்ளி மாதிரி மினுங்குகிறது. சுற்றிலும் வெள்ளைக் கறை வேறு.

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள் சார். மினுங்குவது அடியில் மாட்டிய காற்று. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் கிட்டத்தில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். டீக்கால் மேட்டில் மட்டும் உட்கார்ந்து பள்ளத்தில் காற்றை அடைத்துக்கொள்கிறது. அதனால் டீக்காலுக்கு முன் பளபளப்பான (gloss) வார்னிஷ் கட்டாயம். அது முழுக்கக் காய ஒரு நாள் கொடுங்கள். ஏற்கெனவே மினுங்குவதை ஊசி முனையால் நாலைந்து இடத்தில் குத்தி, டீக்காலை இளக்கும் மைக்ரோ சால் திரவத்தைத் தடவுங்கள். டீக்கால் சுருங்கி நெளியும். பயந்து விரலை வைத்தால் கிழிந்துவிடும், விட்டுவிட்டால் தானே படிந்து பேனல் கோட்டுக்குள் இறங்கும். வெயில் நாளில் மைக்ரோ சால் வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடுவதால் இரண்டு மூன்று தடவை பூச வேண்டியிருக்கும்.

வெள்ளைக் கறை ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் டீக்காலை ஊறப்போடுங்கள், கறை வராது.

கேள்வி (மேலூர்): பர்மா போரில் இந்திய விமானப்படை ஓட்டிய ஹரிகேன் போர் விமானத்தைச் செய்ய ஆசை. எந்தக் கிட், என்ன கலர்?

பதில்: 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் 1-ம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) பறந்தது ஹரிகேனில்தான். நம்ம ஆட்கள் ஓட்டிய விமானத்தை நம்ம ஊரில் செய்ய நினைப்பதே சந்தோஷமான விஷயம். வாங்கும்போது பெட்டியில் மார்க் எண்ணை, அதாவது எந்த ரகம் என்பதைப் பாருங்கள். எளிதில் கிடைப்பது மார்க் 1. அதன் இறக்கையில் 8 மெஷின் கன். மார்க் 2பி என்றால் 12. மார்க் 2சி என்றால் இறக்கை முன்விளிம்பில் 20 மி.மீ. பீரங்கி நான்கு துருத்திக்கொண்டு நிற்கும். இம்பாலில் பறந்த மார்க் 2-க்கு மூக்கும் சற்று நீளம் என்பதால் மார்க் 1-ஐத் திருத்தி ஒட்டுவதைவிட சரியான கிட்டைத் தேடுவது மேல். 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) இறக்கை நுனிக்கு நுனி ஏறக்குறைய 17 செ.மீ. வரும்.

மேலே கரும்பச்சையும் மண் நிறமும், வயிற்றில் மீடியம் சீ கிரே. டமியாவில் எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-52, எக்ஸ்எஃப்-83 எடுக்கலாம். பலர் கோட்டை விடுவது வட்டச் சின்னத்தில். கிட்டோடு வரும் பிரிட்டிஷ் வட்டத்தில் நடுவே சிவப்பு இருக்கும். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி நம்மவரே சுட்டுவிடக்கூடாது என்று இந்தப் பகுதியில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். கருநீலத்துக்குள் வெளிர்நீலம் மட்டும். வால் பட்டையிலும் அதே இரண்டு நிறம். இந்த டீக்காலைத் தனியாக வாங்க வேண்டிவரலாம்.

கேள்வி (அதே ஊர்): 1971 போரில் பறந்த நாட் விமானத்தைச் செய்ய எந்தக் கிட்?

பதில்: ரெட் ஏரோஸ் (பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழு) சிவப்பில் வரும் நாட் கிட் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். போரில் நாம் ஓட்டியது ஒற்றை இருக்கை. அந்தப் பெட்டி இதற்கு ஆகாது.

கேள்வி (வாடிப்பட்டி): ஃபெவிக்விக் போட்டு கேனபி (விமானி அறையின் கண்ணாடி மூடி) ஒட்டினேன், உள்ளே பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிட்டது.

பதில்: ஃபெவிக்விக்கின் ஆவி படிந்ததுதான் அந்த வெளுப்பு. கேனபிக்கு வெள்ளை ஃபெவிகால் போதும். பல்குச்சி நுனியில் எடுத்து விளிம்பில் மட்டும் வையுங்கள். வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வெளுத்ததைக் கழற்ற முடிந்தால், கிளியர் வார்னிஷில் முக்கி எடுத்து, ஒரு மூலையை டிஷ்யூவில் தொட்டு வடியவிட்டு, டப்பாவால் மூடி ஒரு நாள் வையுங்கள். ஆடிக் காற்றில் மூடாமல் வைத்தால் தூசி அத்தனையும் அதில்தான் உட்காரும்.

கேள்வி (உசிலம்பட்டி): பி-25 மிட்செல் குண்டுவீச்சு விமானம் ஒட்டுகிறேன். வால் தரையில் உட்காராமலிருக்க மூக்கில் எடை வைக்கச் சொல்கிறது குறிப்புத்தாள். எவ்வளவு?

பதில்: பாகங்களை டேப்பால் சேர்த்துக் கட்டி, பின் சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சில் மேல் நிறுத்துங்கள். வால் தூக்கும்வரை மூக்குப் பக்கம் பால்ரஸ் சேர்த்துக்கொண்டே போங்கள். பெயின்டும் டீக்காலும் பின்னால் எடை கூட்டும் என்பதால் மேற்கொண்டு மூன்று நான்கு பால்ரஸ் போடுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் கால் அங்குல பால்ரஸ் ஒன்று சுமார் 1 கிராம். தூண்டில் ஈயமும் ஆகும், ஆனால் ஈயத்தை ஃபெவிகாலில் ஒட்டாதீர்கள். நாளடைவில் ஈயம் அரித்து, உப்பி, உடம்பை ஒட்டிய இடத்தில் பிளந்துவிடும். அரால்டைட் போடுங்கள். மிட்செலின் மூக்கு கண்ணாடி என்பதால் எடை வெளியே தெரியும். விமானி இருக்கைக்குக் கீழும் இன்ஜின் மூடிக்குள்ளும் பிரித்து வையுங்கள்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): ஐப்பசி மழையில் லாக்கர் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தேன், மாடல் முழுக்க வெண்மையாகப் பூத்துவிட்டது. உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கவா?

பதில்: உரிக்க வேண்டாம் அக்கா. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம்தான் வெண்மை. மழை வெறித்த நாளில் மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரை மட்டும் மெலிதாகத் தூவுங்கள். கோட் லேசாக இளகி ஈரத்தை விட்டுவிட்டுத் தெளிந்துவிடும். கம்ப்ரசரின் ஈரப்பொறியில் தண்ணீர் நிற்கிறதா என்று அடிப்பதற்கு முன் பார்த்துத் திறந்துவிடுங்கள்.