ஹேண்ட்பிரேக் ஷூ: வீட்டிலேயே அட்ஜஸ்ட் செய்ய, மாற்ற – கேள்வி பதில்

கேள்வி: லீவரை உச்சி வரை இழுத்தால்தான் வண்டி நிற்கிறது. லீவருக்கு அடியில் உள்ள கேபிள் நட்டை ரெண்டு சுற்று முறுக்கினால் போதுமா சார்?

பதில்: போதாது. அந்த நட்டைக் கடைசியாகத்தான் இறுக்க வேண்டும். சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்தான் டிரம், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டு ஷூ, ஷூ மேலுள்ள உரசும் பட்டை லைனிங். லைனிங் தேய்ந்து டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். அதைக் கேபிளை இழுத்துச் சரிக்கட்டினால், டிரம்முக்குள் இருக்கும் லீவர் பழைய இடத்துக்குத் திரும்பாது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டி என்றால் தேய்மானத்துக்கு ஏற்ப ஷூவைத் தானே நகர்த்தும் தானியங்கி அட்ஜஸ்டரும் வேலையை நிறுத்திவிடும். ஷூ உரசிக்கொண்டே ஓடி டிரம் கொதிக்கும். முதலில் நட்டை முழுக்கத் தளர்த்துங்கள், பிறகு ஷூ, அதன்பின் கேபிள்.

கேள்வி: அப்படியானால் ஷூவை எப்படி அட்ஜஸ்ட் செய்வது?

பதில்: சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்க வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள்.

டிரம் வண்டியில் பின்தகட்டில் (டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் தகடு) ரப்பர் மூடி போட்ட துளை இருக்கும். டிஸ்க் வண்டியில், டிஸ்க்கின் நடுக்குடுவைக்குள் சின்ன ஷூ இருக்கும் ரகம் என்றால், துளை டிஸ்க்கின் முகத்திலேயே இருக்கும், சக்கரத்தைக் கழற்றினால் தெரியும். டார்ச் அடித்துக்கொண்டே டிஸ்க்கைச் சுழற்றினால் ஸ்டார் வீலின் (ஷூக்களை விரிக்கும் பல்சக்கரம்) பற்கள் துளைக்கு நேரே வரும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பல்லாக நெம்புங்கள். எந்தப் பக்கம் நெம்பினால் சக்கரம் இறுகுகிறதோ அதுதான் சரியான திசை. இடது வலது சக்கரங்களில் அது மாறலாம்.

கையால் சுழற்ற முடியாத அளவுக்கு இறுக்கியதும், ஷூ நடுவாக உட்கார லீவரை ரெண்டு மூன்று முறை இழுத்து விடுங்கள். பிறகு சக்கரம் தாராளமாகச் சுழலும் வரை பல்லைத் திருப்பி விடுங்கள். எத்தனை பல் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். லேசான 'சர்' சத்தம் பரவாயில்லை. தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள டிரம்மில் திருப்பி விடும்போது, பற்களைப் பிடித்திருக்கும் நாக்கை இன்னொரு மெல்லிய கம்பியால் தள்ளிப் பிடிக்க வேண்டும். தள்ளாமல் பலம் கொடுத்தால் பல் மழுங்கிவிடும்.

ரெண்டு பக்கமும் முடிந்ததும் கேபிள் நட்டுக்கு வாருங்கள். மேனுவல் சொல்லும் 'கிளிக்' எண்ணிக்கையில் (பல வண்டிகளில் 5 முதல் 8 வரை) ரெண்டு சக்கரமும் பூட்ட வேண்டும். லீவரை இறக்கினால் ரெண்டும் தடையில்லாமல் சுழல வேண்டும்.

கேள்வி: ஷூ மாற்ற டிரம்மைக் கழற்றப் பார்த்தால் அசையவே மாட்டேன் என்கிறது அண்ணா.

பதில்: உள்விளிம்பில் தேயாத வரப்பு நின்றிருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். ஸ்டார் வீலைத் தளர்த்தி ஷூவை உள்ளே இழுங்கள். டிரம் முகத்தில் மரையுள்ள ரெண்டு துளை இருந்தால் அதற்கேற்ற போல்ட்டைப் (பெரும்பாலும் எம்8) போட்டு மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முறுக்குங்கள். சுத்தியல் என்றால் ஸ்டட்களுக்கு (சக்கரத்தை மாட்டும் போல்ட்கள்) இடையே தட்டுங்கள். ஓரத்தில் அடித்தால் வார்ப்பிரும்பு சில்லு பெயரும்.

கேள்வி: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழிப்பேனோ என்று பயம்.

பதில்: ஒரே நேரத்தில் ரெண்டு பக்கமும் பிரிக்காதீர்கள், முழிப்பவர்கள் எல்லாம் அப்படிப் பிரித்தவர்கள்தான். ஒன்றைப் பிரித்தால் மற்றது மாதிரியாக இருக்கட்டும், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சக்கரத்தின் முன்ஷூ, பின்ஷூ லைனிங் நீளம் சில வண்டிகளில் வேறுபடும். இடது வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிராக இருக்கலாம். கலந்து மாட்டினால் ஓட ஓட ஷூ தளரும். பழைய ஷூவிலிருக்கும் லீவரைப் புதியதற்கு மாற்றும்போது கிளிப் புதிதாகப் போடுங்கள். வெளுத்த, நீண்டுபோன ஸ்பிரிங்கை மறுபடி மாட்டாதீர்கள், ஷூவோடு கிட்டாக வாங்குங்கள்.

பின்தகட்டில் ஷூ உரசி உரசிப் பளபளத்திருக்கும் மேடுகளில் மட்டும் பிரேக் கிரீஸ், நகத்தால் தடவும் அளவு. அட்ஜஸ்டர் மரைக்குக் கொஞ்சம். டிரம் வெளியே இருக்கும்போது கால் பிரேக்கை மிதிக்கவே கூடாது, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கேள்வி: உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதலாமா?

பதில்: ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். முகக்கவசம் அவசியம்.

கேள்வி: ஒரு ஷூவில் மட்டும் எண்ணெய் ஊறியிருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது, சூடானதும் உள்ளே ஊறியது வெளியே கசியும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கசிவது சிலிண்டர், அது காய்ந்திருந்தால் ஆக்சில் சீல் (அச்சின் எண்ணெயை அடைக்கும் வளையம்). கசிவை நிறுத்திவிட்டு ரெண்டு சக்கரத்துக்கும் ஷூ மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடி சமமாக இருக்காது.

கேள்வி: எல்லாம் புதுசு, ஆனாலும் சரிவில் நழுவுகிறது.

பதில்: புது லைனிங் டிரம்மின் வளைவுக்கு இன்னும் பழகியிருக்காது. டிஸ்க்குக்குள் இருக்கும் ஷூ ஓட்டத்தில் தேய்வதே இல்லை என்பதால் அதற்கு இது இன்னும் பொருந்தும். ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, லீவர் பட்டனை அமுக்கியபடி லேசாக இழுத்துச் சிறிது தூரம் போய், ஆற விட்டு, மறுபடி செய்யுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஒருவரை லீவர் இழுக்கச் சொல்லி, ரெண்டு கேபிளும் சமமாக நகர்கின்றனவா என்று அடியில் பாருங்கள். உறை கிழிந்து தண்ணீர் புகுந்த கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். எண்ணெய் விட்டு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுங்கள்.